உபயகாரர் பெயர் எழுதிய தேன்பெட்டிகள்

"கள்ளர் எண்டு அறுபத்திரண்டு வீட்டுக்கு எழுதிப்போட்டு இப்ப—"

"நான் கள்ளர் எண்டு எழுதேல்லை அண்ணி. நான் எழுதினது—"

"கணக்கு விளங்கேல்லை எண்டு எழுதினால் அதுக்கு வேற என்ன கருத்து? ஆர் வாசிச்சாலும்—"

"விளங்காத கணக்கை விளங்கேல்லை எண்டுதானே எழுதலாம். அறுபத்திரண்டு தேன்பெட்டிக்குக் காசு அனுப்பினம். பத்தொன்பதிலதான் தேன் வந்திருக்காம். மிச்ச நாப்பத்திமூண்டும்—"

"மிச்ச நாப்பத்திமூண்டும் காலி. ஏன் காலி எண்டு உனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனீ."

சிறி மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினான், பிறகு மூடினான். சந்திரவதனா கோட்டையும் கழற்றவில்லை, கதிரையிலும் இருக்கவில்லை. மெல்பேர்னில் மல்கிரேவ் பக்கத்து ஒபிஸ் கட்டடங்களில் சனி ஞாயிறுகளில் ஹீற்றர் கிடையாது. வெள்ளி பின்னேரம் நிறுத்தினால் திங்கள் விடியத்தான் திரும்பப் போடுவார்கள். அதனால் குளிர்காலத்து ஜூன் மாதக் கூட்டம் என்றால் எல்லாரும் வெளிக்கிட்டு நிற்கிற ஆட்கள் மாதிரிக் கோட்டோடும் ஸ்காஃபோடும்தான் இருப்பார்கள். இன்றைக்கு அவளுக்குக் குளிரவில்லை. கழுத்துப் பின்பக்கமெல்லாம் கொதித்தது.

சிறியின் மனைவி விஜயா ஒரு மூலையில் எல்லாருக்கும் சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "அக்கா, இருந்து கதையுங்கோ" என்றாள். அக்கா இருக்கவில்லை.

சிறி அவளுடைய புருசனின் தம்பி. புருசன் அருந்தவன் செத்து, வருகிற ஐப்பசியோடு மூன்று வருசம். அருந்தவனும் அவளும் எண்பத்தொன்றிலிருந்து ஒன்பது வருசம் சாம்பியாவில் படிப்பித்தவர்கள். அவர் சயன்ஸ், அவள் கணக்கு. சொல்வேசி நகரத்துக்கு மேலே, காட்டை ஒட்டின ஒரு பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தப் பக்கம் போன வாத்திமார் எத்தனையோ பேர். அவர் செத்த செய்தியை எங்கேயோ முகப்புத்தகத்தில் பார்த்துவிட்டு, அவரிடம் படித்த அக்னெஸ் கயோம்போ என்ற ஒருத்தி எழுதினாள். இப்போது ஐம்பத்திரண்டு வயது, ஊர் கிளினிக்கில் வேலை. ஊரில் நாற்பத்தொரு குடும்பத்தைச் சேர்த்துத் தேன் சங்கம் வைத்திருந்தாள். அந்தக் கடிதத்தில் ஒரு வரி சந்திரவதனாவைப் பிடித்துக்கொண்டது. மரத்தில் பத்துத் தேன்பெட்டி தொங்குகிற குடும்பம் அந்த மரத்துக்குக் கோடாலி வர விடாது என்று அக்னெஸ் எழுதியிருந்தாள். காட்டைக் காக்கக் காவல்காரன் தேவையில்லை, தேன் தேவை. பெரிய மரம் பூத்தால்தான் தேன். தேன் இல்லாவிட்டால் மரத்தை வெட்டிக் கரி சுடுகிற கரிக்காரனின் லொறி.

அதிலிருந்து பிறந்ததுதான் அருந்தவன் நினைவு நிதியம். சிறி தலைவர், அவள் செயலாளர், வெங்கட்ராமன் பொருளாளர், விஜயா உறுப்பினர். தலைவர் வேலையைச் சிறி கேட்டு வாங்கினான். நில அளவைக் கொம்பனி வைத்திருக்கிறவன், பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், ஒரு விசயத்தை எடுத்தால் முடிக்கிறவன். முடித்தும் காட்டினான். போன வருசம் ஓகஸ்டில் ஒரு மண்டபம் எடுத்து இராச்சாப்பாடு வைத்தான். 'ஒரு பெட்டி, ஒரு பெயர்.' நூறு பேருக்குச் சமைத்த சாப்பாடு முடிவதற்குள் அறுபத்திரண்டு பெட்டியும் போய்விட்டது. முதல் பெட்டி அருந்தவன் பெயரில், பிறகு தகப்பன் பெயரில் ஒருவர், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒருவர். சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து ஒருத்தர் ரெலிபோனிலேயே தனக்கும் இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் என்று மூன்று கேட்டார். கோயிலில் ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதுவிக்கிற சனம். சுழலும்போது வாசிக்க முடியாது என்று யாரும் யோசிப்பதில்லை. உபயம் என்றால் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரியாவிட்டால் கொடுத்ததே கணக்கில்லை.

அங்கேதான் எல்லாம் பிழைத்தது.

அருந்தவனின் திவசம் ஐப்பசியில். அதற்கு ஒரு நினைவு மலர் அடிப்பது என்று முடிவாயிற்று. மலரின் நடுப்பக்கத்தில் அறுபத்திரண்டு பெட்டியும் பெயரோடு படமாக வரவேண்டும். மரத்தின் உச்சியில் தொங்குகிற பெட்டியைப் படம் பிடித்தால் பெயர் தெரியாது. ஆகவே இறக்கி, அனுப்புகிற மாதிரியைப் பார்த்துத் தமிழில் பெயர் எழுதி, வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பிறகு ஏற்றச் சொல்லிக் கடிதம் போயிற்று. இறக்கினது ஒக்ரோபர் மாதம். அந்தக் காடு பூக்கிற மாதம். பெட்டிக்குள் தேனீ குஞ்சும் தேனுமாக நிறைந்திருக்கிற மாதம்.

"படம் எடுத்ததால தேனீ போயிட்டுதெண்டு ஆர் சொன்னது?" என்று சிறி இப்போது கேட்டான். "அவள் ஒருத்திதானே சொல்லுறாள். வரட்சியாயிருக்கலாம். அவையளின்ர பராமரிப்புப் பிழையாயிருக்கலாம். வித்துப்போட்டுக் காலி எண்டும் சொல்லலாம்."

"வித்தவள் ஏன் பத்தொன்பது எண்டு உண்மை சொல்லுறாள்? ஐம்பது எண்டு சொல்லியிருப்பாளே."

"அண்ணி, நீங்கள் எப்பவும் அவையளின்ர பக்கம்."

"நான் எந்தப் பக்கமும் இல்லை. நீதான் அறுபத்திரண்டு வீட்டுக்கும் ஒரு இமெயில் போட்டு, அதில அவளுக்கும் ஒரு கொப்பி வைச்சு, அவளின்ர முகத்தில கரி பூசினனீ. என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

கேட்டால் விடமாட்டீர்கள் என்று தெரியும் என்றான் சிறி. அதை அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னது போல அவளுக்குப் பட்டது. அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

வெங்கட்ராமன் அப்போதுதான் வந்தார். மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வந்ததால் தாமதம் என்றார். நாற்பத்தைந்து வயது, ஐ.ரி. வேலை, நாமக்கல் பக்கம். அறைக்குள் காலை வைத்ததும் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. லப்ரொப்பைத் திறந்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டார்.

சிறி கூட்டத்தைத் தொடங்கினான். நிதி வருசம் முடிகிற இந்த மாதம் முப்பதுக்குள் இந்த வருசக் காசை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். தேன் சங்கத்துக்கு நிறுத்துவோம். சிட்னியில் ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது, ஆபிரிக்காவில் யானைக்குட்டி தத்தெடுக்கலாம், ஒவ்வொருவருக்கும் சான்றிதழ், குட்டியின் படம், மூன்று மாதத்துக்கு ஒரு வீடியோ. நம்பிக்கையான இடம், கரைச்சல் இல்லை.

"யானைக்குட்டிக்கும் அமரர் பெயர் எழுதுறதோ?" என்று சந்திரவதனா கேட்டாள்.

விஜயாவுக்குச் சிரிப்பு வந்து றோல்ஸ் பெட்டிக்குள் குனிந்துகொண்டாள். சிறி சிரிக்கவில்லை. பொருளாளரைப் பார்த்தான். வெங்கட்ராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம்பரைப் பார்த்தா சிறி சார் சொல்றது நியாயம் மாதிரிதான் தெரியுது, ஆனா ஆன்ட்டி சொல்றதையும் கேக்கணும், என்று இரண்டு பக்கமும் ஒரு காலை வைத்தார். வோட்டுக்கு விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். விஜயா புருசனோடு. வெங்கட்ராமன் மதில் மேலிருந்து தலைவர் இருக்கிற பக்கம் விழுவார்.

ஆகவே அவள் வோட்டுக்கு விடவில்லை. மணி நாலு. அங்கே காலை எட்டு. நேற்றே அக்னெஸிடம் சொல்லி வைத்திருந்தாள். ஃபோனை எடுத்து மேசை நடுவில் வைத்து, வட்ஸ்அப்பில் அழுத்தினாள். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சிறி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்னெஸின் முகம் வந்துவிட்டது. பின்னால் ஒரு சிமெந்துச் சுவர், அதில் போன வருசக் கலண்டர். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னாள். பிறகு ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வரவு எடுப்பது போலிருந்தது. சிறி தன் பெயரைச் சொன்னபோது பேனை ஒரு கணம் நின்றது.

"மிஸ்ரர் சிறி, உங்கள் இமெயிலை எங்கள் கூட்டத்தில் வாசித்தேன்," என்றாள். "மூன்று மொழியில் வாசிக்க வேண்டியிருந்தது. மூன்றிலும் ஒரே மாதிரித்தான் இருந்தது."

சிறி, தான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, விளக்கம்தான் கேட்டேன் என்றான். விளக்கம் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றாள் அக்னெஸ். ஆனால் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றாள்.

"நான் உங்களை ஏமாற்றியிருக்கிறேன். பத்தொன்பது தடவை."

"பாத்தியளோ," என்றான் சிறி தமிழில். பாதி எழும்பிவிட்டான்.

அக்னெஸ் அவசரப்படவில்லை. ஊரில் ஒரு வயதான தேன்காரர் இருக்கிறார். அவர் பொறுப்பில் இருந்தவை பத்தொன்பது பெட்டிகள். ஒக்ரோபரில் பெட்டியை இறக்கு என்று அவள் வாசலில் போய் நின்றபோது, தேனீ ஆட்டுப் பட்டி இல்லை வரிசையில் நிறுத்த, என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அவள் சண்டை பிடித்தாள். சங்கத்திலிருந்து நீக்குவேன் என்றாள். அவர் அசையவில்லை. மலருக்கு நாள் நெருங்குகிறது, மெல்பேர்னில் இருந்து ஒவ்வொரு நாளும் படம் எங்கே என்று கேட்கிறார்கள். கடைசியில் உடைந்த பெட்டிகளின் பழைய பலகைகளை எடுத்து, அந்தப் பத்தொன்பது பெயரையும் அதில் எழுதி, ஒவ்வொன்றாக ஒரே வெறும் பெட்டியில் சாத்திப் படம் எடுத்து அனுப்பினாள்.

"மற்ற நாற்பத்திமூன்றையும் நீங்கள் சொன்னபடி இறக்கினோம். பெயின்ற் பூசினோம். ரோட்டோரம் அடுக்கினோம். படம் எடுத்தோம். திரும்ப ஏற்றினோம். ஒரு கிழமைக்குள் எல்லாத் தேனீயும் போய்விட்டது." அவள் கடதாசியை மடித்தாள். "தேன் வந்த பத்தொன்பதும் எவை என்று இனி நான் சொல்லத் தேவையில்லை."

வெங்கட்ராமன் மெல்ல, என்னோடது பதினேழாம் நம்பர், என்றார். அம்மா பெயரில் கொடுத்தது. படத்தைச் சட்டம் போட்டு அம்மா வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

அக்னெஸ் தன் பட்டியலைப் பார்த்தாள். "பதினேழு... வேதவல்லி. அது பலகை, ஐயா. மன்னியுங்கள். உங்கள் அம்மாவின் பெட்டியில் பதினொரு கிலோ தேன் வந்தது."

வெங்கட்ராமன் தலையை ஆட்டினார். சந்தோசப்படுவதா வெட்கப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

சந்திரவதனாவுக்கு இப்போது சொல்ல நிறைய இருந்தது. சிறியின் பக்கம் திரும்பினாள். கேட்டியோ என்றாள். அண்ணனின் திவசத்துக்குப் படம் வேண்டும் என்று நாற்பத்திமூன்று பெட்டியைக் காலியாக்கினாய், காலியாக்கிப்போட்டு அந்தச் சனத்தையே கணக்குக் கேட்டாய், அவர் இருந்திருந்தால் உன் முகத்தில் முழித்திருக்க மாட்டார் என்றாள். அவர் வாழ்க்கையில் ஒரு நாள் தன் பெயரை ஒரு கொப்பி மட்டையில் கூடப் பெரிதாக எழுதாத மனுசன் என்றாள். சிறி முகம் சிவந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு நிறுத்த முடியவில்லை. நிறுத்த விருப்பமும் இல்லை. எட்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது.

"மிஸிஸ் அருந்தவன்," என்று ஃபோன் கூப்பிட்டது. தமிழ் விளங்காவிட்டாலும் யார் யாரை ஏசுகிறார்கள் என்று அக்னெஸுக்கு விளங்கியிருக்க வேண்டும். "நான் ஒன்று கேட்கலாமா? பெயரைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூடியில் சுட்டு எழுதுகிறோம், பெயின்ற் வேண்டாம், பெட்டியை இறக்கவும் வேண்டாம், மூடியை மட்டும் கழற்றி எழுதலாம் என்று நான் ஓகஸ்டில் கேட்டிருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?"

இருக்கிறது என்றாள் சந்திரவதனா. அதற்குச் சிறி மறுத்திருப்பான் என்றாள்.

"உங்கள் பதில் என்னிடம் இருக்கிறது. செப்ரெம்பர் மூன்றாம் திகதி. ரைப் பண்ணின கடிதம், அடியில் உங்கள் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே பேனையால் இரண்டு வரி." அக்னெஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "சுட்டு எழுதினால் படத்தில் தெரியாது. தயவுசெய்து சிவப்பில் மஞ்சள் பெயின்ற் பாவியுங்கள், பெட்டியை வெளிச்சத்தில் வையுங்கள், எங்கள் எழுத்து தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்."

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. மறந்துபோன ஒரு விசயம் வருவது போல மெல்ல வரவில்லை, கதவை உதைத்துக்கொண்டு வந்தது. வீட்டில், சாப்பாட்டு மேசையில், சிறி கொண்டுவந்து தந்த கடிதம். கையெழுத்து வைத்த பிறகு அவளுக்கு அந்தப் படம் கண்ணில் வந்தது. அந்தக் காட்டுக்குள், அந்தச் செம்மண்ணில், அருந்தவன் என்று தமிழில். அவர் சைக்கிள் உருட்டிக்கொண்டு போன பாதை அது. அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்காகத்தான் பேனையைத் திரும்ப எடுத்தாள். சிறி கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. தானாக எழுதினாள். மலர் வந்த அன்று நடுப்பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தாள். சிவப்பில் மஞ்சள். நன்றாகத்தான் தெரிந்தது.

கதிரையை இழுத்து இருந்தாள். அந்தப் பின்னேரம் முதல் தடவை.

இவ்வளவு நேரம் வாங்கிக் கட்டின சிறி ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவன் பேனை மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் எழுதினனான்," என்றாள் அவள் ஆங்கிலத்தில், ஃபோனைப் பார்த்து. பிறகு அதையே தமிழில் எல்லாருக்கும் சொன்னாள்.

நீங்கள் மட்டும் இல்லை என்றாள் அக்னெஸ். நானும் அந்தக் கிழவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். காசு தருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லப் பயந்தேன். இப்போது அதற்குத்தான் விலை கொடுக்கிறேன் என்றாள். விலை என்னவென்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் உயரவில்லை. உயராததால்தான் கேட்க முடியாமலிருந்தது. அந்த நாற்பத்திமூன்று பெட்டியை நம்பியிருந்த குடும்பங்களெல்லாம் இந்தப் பருவம் வெறும் கை. ஊர்ச் சபையில் அவள் எழும்பிக் கதைத்தால் பின்னால் சிரிக்கிறார்கள். வெள்ளைக்காரர் கூடத் தங்கள் பெயரை எழுதவில்லை, இவள் இந்தியர் பெயர் எழுதித் தேனீயைத் துரத்தினாள் என்று ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். கரிக்காரன் இரண்டு தடவை வந்து போய்விட்டான். வருகிற புதன்கிழமை சபை கூடுகிறது. கிழக்குப் பக்கக் காட்டைக் கரிக்குத் திறப்பதா என்பதுதான் பேச்சு. திறந்தால் இரண்டு வருசம். பிறகு அங்கே பெட்டி தொங்கவிட மரம் இராது.

"அந்தப் பக்கம்தான் அருந்தவன் சேர் எங்களை நீலப் பறவை பார்க்கக் கூட்டிப் போவார்," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

என்ன வேண்டும் என்று வெங்கட்ராமன் கேட்டார். இவ்வளவு நேரத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

இரண்டு விசயம் என்றாள் அக்னெஸ். ஒன்று, இந்த வருசக் காசு. பெட்டிகளைச் சுரண்டிக் கழுவ, உள்ளே மெழுகு பூச, கெட்டதை மாற்ற. ஓகஸ்டுக்கு முன் செய்தால்தான் பூக்கும் காலத்துக்குத் தேனீ வந்து ஏறும். பெயர் இல்லை, படம் இல்லை. இரண்டாவது, ஒரு கடிதம். தேனீ போனது எங்களால், நாங்கள் கேட்ட படத்தால், சங்கத்தால் அல்ல என்று. புதன்கிழமை சபையில் வாசிக்க. அதே கடிதம் சிறியின் இமெயில் போன அறுபத்திரண்டு வீட்டுக்கும் போக வேண்டும்.

"எங்கள் ஊரில் ஒன்று, உங்கள் ஊரில் ஒன்று என்று இரண்டு கதை வேண்டாம். இரண்டு கதை இருந்தால் அடுத்த வருசம் நீங்கள் திரும்பவும் படம் கேட்பீர்கள். நான் திரும்பவும் பலகை எழுதுவேன்." அவள் எழும்பினாள். கிளினிக் திறக்க நேரமாகிவிட்டது என்றாள். நல்ல நாள் வாழ்த்திவிட்டுத் திரையிலிருந்து போனாள்.

வெங்கட்ராமன், காசு கொடுக்கலாம்னு நான் சொல்றேன், என்று உடனே கை தூக்கினார். விஜயா புருசனைப் பார்க்காமலே கையைத் தூக்கினாள். சந்திரவதனா தூக்கினாள். சிறி எல்லாக் கையையும் பார்த்தான், தன் கையையும் தூக்கினான்.

"காசைக் குடுப்பம்," என்றான். "முழுக் காசும். அவையளுக்குக் கடிதமும் எழுதுவம், அவள் கேட்ட மாதிரியே. நானே கையெழுத்து வைக்கிறன். யானைக் கதையை விடுங்கோ." கொஞ்சம் நிறுத்தினான். "உபயகாரருக்கு மட்டும் மழை பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லுவம்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"யோசியுங்கோ அண்ணி. தகப்பன் பெயரில குடுத்தவனுக்கு, உன்ர தகப்பன்ர பெயரை எழுதினதாலதான் தேனீ செத்துது எண்டு எப்பிடிச் சொல்லுறது? அடுத்த வருசம் ஒருத்தரும் ஒரு சதம் தராயினம். பிறகு அந்தச் சங்கத்துக்கு ஆர் குடுக்கிறது? நான் எனக்காகச் சொல்லேல்லை."

வெங்கட்ராமன், அதுவும் ஒரு பாயின்ற்தான், என்று சொல்லிவிட்டுச் சொன்னதை அங்கேயே விழுங்கினார். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அவர் ஏற்கெனவே யோசிக்கத் தொடங்கியிருப்பார்.

"தேனீ சாகேல்லை சிறி. போட்டுது. எங்களோட இருக்க ஏலாமல் விட்டிட்டுப் போயிட்டுது."

"அண்ணி, கதைக்காக வார்த்தையைப் பிடிக்காதையுங்கோ. எனக்கு அண்ணைதான் தகப்பன். அவர்தான் என்னை இஞ்ச கூப்பிட்டவர். தனக்கு ஒண்டும் செய்ய அவர் என்னை விட்டதில்லை, ஒண்டும் கேட்டதுமில்லை. செத்தாப் பிறகாவது அவரின்ர பெயர் ஒரு இடத்தில பெரிசா நிக்கட்டும் எண்டு பாத்தன். அது பிழையோ?"

"பிழையில்லை. நானும் அதைத்தான் பாத்தனான். அதுதான் பேனையை எடுத்தனான்." அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "ஆனா மழை எண்டு சொன்னியோ, நாளைக்கு அந்த அறுபத்திரண்டு வீட்டிலயும் என்ன கதைப்பினம்? பாவம் மழை இல்லையாம் எண்டு கதைப்பினமோ? நீ கணக்கு விளங்கேல்லை எண்டு எழுதினாய். அதுக்குப் பிறகு மழை எண்டால், கள்ளரை மூடி மறைக்கினம் எண்டுதான் கதைப்பினம். நாங்கள் பெரிய மனசுக்காரர், அவள் கள்ளி. ஆயுசுக்கும் கள்ளி. அதை நான் விடமாட்டன். விடுறதெண்டால் இந்த நிதியத்தில இருந்து அவரின்ர பெயரை இண்டைக்கே எடு. பெண்சாதி நான் கேக்கிறன், எடு. உன்ர பெயரை வைச்சு நடத்து."

விஜயா, அக்கா, என்றாள். அக்கா கேட்கவில்லை.

சிறி, பெயரை எடுப்பதென்ற கதைக்கே இடமில்லை, என்று சொல்ல வாயெடுத்தான். இன்னொரு இமெயில் போடலாம், சொற்களை யோசித்துப் பக்குவமாக எழுதலாம், நான் நாளைக்கு ஒன்று எழுதிக்கொண்டு வாறன் என்றான். நாளைக்கு எழுதுவது புதன்கிழமைக்குள் திருத்தி முடியாது என்று அவளுக்குத் தெரியும். பக்குவமாக எழுதினால் யாருக்கும் விளங்காது என்றும் தெரியும். சனம் அந்த இமெயிலை முழுக்க வாசிக்காது. முதல் வரியில் வணக்கம், இரண்டாம் வரியில் காலநிலை.

அவள் வெங்கட்ராமனின் லப்ரொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். உபயகாரர் பட்டியலைப் பிறின்ற் எடுக்கச் சொன்னாள். பெயர், பெட்டி இலக்கம், ரெலிபோன் நம்பர். வெங்கட்ராமன் தலைவரைப் பார்த்தார், பிறகு செயலாளரைப் பார்த்தார். இந்த முறை மதிலிலிருந்து இறங்கினார். பக்கத்து அறையில் பிறின்ரர் விழித்துக்கொண்டு முனகியது. இரண்டு தாள் வந்தது. வெங்கட்ராமன் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார், சுடச்சுட.

அவள் இரண்டையும் பிரித்து, ஒரு தாளைத் தன் பக்கம் வைத்தாள். மற்றத் தாளை மேசைக்கு மேலால் சிறியின் முன்னால் தள்ளினாள். அவன் தொடவில்லை. முதல் வரியில் குவேக்கர்ஸ் ஹில்காரர், மூன்று பெட்டி. அவள் தன் ஃபோனை எடுத்து, தன் தாளில் முதல் நம்பரை அடித்து, அழைக்காமல் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"பாதி எனக்கு, பாதி உனக்கு. என்ர கையாலதான் போச்சு எண்டு நான் எல்லாருக்கும் சொல்லப் போறன். நீ என்ன சொல்லப் போறாய், சிறி?"